கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சோறு போட்ட ஏரி

கங்கைகொண்ட சோழபுரம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்தப் பெரிய கோயில்தான். அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில், தட்டையான நிலத்துக்கு நடுவே தனியாக நிற்கிறது. விமானத்தின் உயரம் சுமார் 55 மீட்டர். 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. விடுமுறை நாளென்றால் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறார்கள். சிம்மக்கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

ஆனால் கோயிலை விட்டு வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்தால் ஒரு கேள்வி எழ வேண்டும். இவ்வளவு பெரிய கோயில் இங்கே இருக்கிறதே, இதைக் கட்டிய ஊர் எங்கே போயிற்று?

அது சாதாரண ஊரும் இல்லை. கி.பி. 1025ஐ ஒட்டி முதலாம் ராஜேந்திர சோழன் தஞ்சாவூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினான். அதன் பிறகு 1279இல் சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், தென்னிந்தியாவின் மிகப்பெரிய அரசு ஒன்று இங்கிருந்துதான் நடந்தது. கடல் கடந்து ஸ்ரீவிஜயத்துக்குப் படை போனது ராஜேந்திரன் காலத்தில். சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்கிய முதலாம் குலோத்துங்கன் ஆண்டதும் இங்கிருந்துதான். இன்று கோயிலைச் சுற்றி இருப்பவை சில கிராமங்கள். அவ்வளவுதான்.

நகரத்தின் மிச்சங்கள் கிராமத்துப் பெயர்களில் ஒளிந்திருக்கின்றன. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், தொட்டிகுளம், சுண்ணாம்புக்குழி... கோட்டை, அரண்மனை, படைக்கலம், காவலர் குடியிருப்பு, குளம், கட்டுமானத்துக்கான சுண்ணாம்பு. ஒரு நகரத்தின் வரைபடத்தையே பெயர்ப் பலகைகளில் படிக்கலாம். மாளிகைமேட்டில் தமிழக தொல்லியல் துறை 1980 முதல் பல கட்டங்களாக அகழாய்வு செய்ததில் செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், சீனப் பாண்டத் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. நகரம் இருந்தது உண்மை. அது எப்படிப் பிழைத்தது, ஏன் பிழைக்காமல் போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்கு விடை கோயிலுக்குள் இல்லை. மேற்கே இருக்கும் ஓர் ஏரியில் இருக்கிறது.

டெல்டாவின் விளிம்பில் ஒரு தலைநகர்

முதலில் இடத்தைப் பார்ப்போம். தஞ்சாவூர் காவிரி டெல்டாவுக்கு உள்ளேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரமோ கொள்ளிடத்துக்கு வடக்கே, டெல்டாவின் ஓரத்தில் இருக்கிறது. தெற்கே சில கி.மீ. போனால் கொள்ளிடம். வடக்கே வெள்ளாறு. மேற்கே மேட்டு நிலம், செம்மண், செம்புறாங்கல். இன்றைக்கு முந்திரிக்காடு பரவிக் கிடக்கும் பகுதி அது. இன்னும் மேற்கே போனால் பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் காடுகள், அதற்கும் அப்பால் பச்சைமலை. அந்த மலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர், அரியலூர் வழியாக ஓடிவந்து கொள்ளிடத்தில் கலக்கிறது.

ராஜேந்திரன் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்பதற்கு வரலாற்றாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். வடக்கே படை நடத்த வசதி, தெற்கிலிருந்து எதிரி வந்தால் கொள்ளிடமே அகழி, டெல்டாவின் நல்ல நஞ்சை நிலத்தைக் கட்டடங்களுக்காக வீணாக்க வேண்டியதில்லை, இப்படி. எல்லாமே பொருத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த இடத்தில் ஒரு பெரிய சிக்கலும் இருந்தது. தண்ணீர்!

கொள்ளிடம் பக்கத்தில் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். கொள்ளிடம் என்பது காவிரியின் வெள்ள வடிகால். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, காவிரி தாங்க முடியாத வெள்ளத்தை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போவது. கொள்ளும் இடம் என்பதால்தான் கொள்ளிடம் என்று பெயர் சொல்வோரும் உண்டு. வெள்ளம் வந்தால் அகண்ட கடல் மாதிரி ஓடும். வெள்ளம் போனால் மணல்தான். வருஷத்தில் சில வாரம் தலைக்கு மேல் தண்ணீர், மீதி நாட்களில் மணலைத் தோண்டி ஊற்று எடுக்க வேண்டிய நிலை. அப்படிப்பட்ட ஆற்றை நம்பி ஒரு தலைநகரை எப்படி நடத்துவது?

வெள்ளத்தைப் பிடித்து வைக்க ஓர் இடம் வேண்டும். அதற்காக உருவானதுதான் சோழகங்கம். இன்றைய பெயர் பொன்னேரி.

தண்ணீரால் ஆன வெற்றித் தூண்

ராஜேந்திரனின் படை கங்கைவரை போய், தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீரைச் சுமக்க வைத்துக் கொண்டுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வெற்றியின் நினைவாக ஏரி அமைத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. அந்த ஏரியைத் தண்ணீராலேயே செய்த வெற்றித் தூணாக அவை வருணிக்கின்றன. மற்ற அரசர்கள் வெற்றிக்குக் கல்தூண் நட்டார்கள். இவன் ஏரி வெட்டினான். கல்தூணில் குருவி உட்காரலாம், அவ்வளவுதான். ஏரித் தூணில் ஊரே சோறு தின்னலாம்!

ஏரி எவ்வளவு பெரியது? 1855ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியான ஒரு குறிப்பு அந்த ஏரியின் இடிபாடுகளை விவரிக்கிறது. வடக்குத் தெற்காக 16 மைல் நீளக் கரை. கரையில் உறுதியான பல மதகுகள். கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேல் நீளமான ஒரு வரத்து வாய்க்கால் தெற்கு முனையில் வந்து சேர்ந்தது. வெள்ளாற்றிலிருந்து இன்னொரு சிறிய வாய்க்கால் வடக்கு முனையில் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் இந்தியாவின் மிகப்பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. 16 மைல் என்றால் சுமார் 25 கி.மீ. கரை! சைக்கிளில் போனாலே இரண்டு மணி நேரம் ஆகும்.

ஏரி மனிதன் வெட்டியது, அதை இயற்கை என்று சொல்லலாமா என்று ஒரு சந்தேகம் வரலாம். மனிதன் போட்டது கரையும் மதகும் வாய்க்காலும்தான். சரிவில் தண்ணீரை இறக்கியது பூமி. வண்டலைக் கொண்டுவந்தது ஆறு. மீனும் கோரையும் அல்லியும் தாமாக வந்தன. பறவை தானாக வந்தது. ஓர் ஏரி 50 வருஷம் நின்றால் அது கட்டுமானம் என்ற நிலையைத் தாண்டி உயிருள்ள ஒரு சூழல் அமைப்பாகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஏரி நகரத்துக்கு என்ன கொடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்றைய மக்கள்தொகை எவ்வளவு என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. கணக்குக்காக மட்டும் 1 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவருக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்றால் ஊருக்கு 40 லட்சம் லிட்டர். ஒரு வருஷத்துக்கு 146 கோடி லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் இதே மக்கள் சோறு சாப்பிட வேண்டுமே? ஒருவருக்கு வருஷத்துக்கு 180 கிலோ அரிசி என்றால் மொத்தம் 1.8 கோடி கிலோ. ஒரு கிலோ விளைய குறைந்தது 2,500 லிட்டர் தண்ணீர் தேவை. ஆக 4,500 கோடி லிட்டர். அதாவது ஊர் குடிக்கும் தண்ணீரைப் போல 30 மடங்குக்கும் மேலான தண்ணீரைச் சோறாக உண்கிறது!

இந்த இடத்தில்தான் ஏரியின் அருமை தெரிகிறது. குடிதண்ணீருக்குக் கிணறு போதும். அரண்மனை, படை, கோயில், வணிகர் வீதி, கொல்லர், தச்சர், நெசவாளர் என்று வயலில் இறங்காத பெருங்கூட்டம் ஒன்றுக்குச் சோறு போட வேண்டுமென்றால் கிணறு போதாது. கொள்ளிடத்துக்குத் தெற்கே இருந்த டெல்டாவின் நெல் ஒரு பக்கம் வந்தது. வடக்கே இருந்த மேட்டு நிலத்தில் விளைச்சல் வேண்டுமென்றால் சோழகங்கம் நிரம்ப வேண்டும்.

ஏரி செய்த நான்கு வேலைகள்

2005ஆம் ஆண்டு ஐ.நா. ஆதரவில் வெளியான ஆயிரமாண்டுச் சூழல் மதிப்பீட்டு அறிக்கை, இயற்கை மனிதனுக்குச் செய்யும் சேவைகளை நான்காகப் பிரித்தது. பொருள் தருவது, ஆபத்தைக் கட்டுப்படுத்துவது, மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது, பண்பாட்டை வளர்ப்பது. 1,000 வருஷத்துக்கு முந்தைய ஊருக்கு இந்த நான்கையும் பொருத்திப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறது.

முதலாவது, பொருள். நெல்லுக்குத் தண்ணீர் தவிர மீன், பாய் முடையக் கோரை, பானைக்கும் செங்கல்லுக்கும் களிமண், சூளைக்கு விறகு. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி வருகிறது. நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்துவது. அதாவது ஏரியின் மீனுக்கும் அன்றே கணக்கு இருந்தது. அரண்மனையே செங்கல்லும் ஓடுமாகக் கட்டப்பட்டது. கருங்கல் வேண்டுமென்றால் தொலைவிலிருந்துதான் வர வேண்டும், ஆனால் களிமண் காலடியில் இருந்தது. சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் கடல் இருந்தது. அந்தக் கடலின் உயிரினங்கள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. இன்றைக்கு அரியலூரைச் சிமெண்ட் நகரம் என்கிறோமே, அதற்கும் அந்தப் பழைய கடல்தான் காரணம்.

இரண்டாவது, பாதுகாப்பு. வெள்ளக் காலத்தில் வாய்க்கால் வழியாக ஒரு பங்கு தண்ணீர் ஏரிக்குப் போய்விட்டால், கீழே இருக்கும் ஊர்களில் அந்த அளவு வெள்ளம் குறையும். ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. கோடையில் இதே ஏரி வேறு வேலை செய்யும். படுகையில் இறங்கும் தண்ணீர் ஆயக்கட்டுக் கிராமங்களின் கிணறுகளில் ஊறும். ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை கீழ்ப்பக்கத்துக் கிணறு வற்றாது என்பது இன்றும் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லும் விஷயம். மண்ணும் மணலும் வடிகட்டிக் கொடுப்பதால் கிணற்று நீர் தெளிவாகவும் இருக்கும். சுத்திகரிப்பு நிலையம் இல்லாத காலத்தில் நகரத்துக்கு இதுதான் சுத்திகரிப்பு நிலையம்.

மூன்றாவது, அடித்தளம். கொள்ளிடத்து வெள்ளம் தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவந்தது. மேற்கே இருந்த செம்மண் நிலம் தானாகச் செழிப்பானது இல்லை. கோடையில் ஏரி வற்றியதும் படுகையில் இருக்கும் வண்டலை வண்டி கட்டி அள்ளி வயலில் கொட்டுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். ஏரிக்குத் தூர் எடுத்த மாதிரியும் ஆயிற்று, வயலுக்கு உரம் போட்ட மாதிரியும் ஆயிற்று. ஏரிக்கு வந்த நாரையும் கொக்கும் போட்ட எச்சம் தண்ணீரிலேயே கலந்து வயலுக்குப் போனது. வயலுக்கு வந்த பறவைகள் பூச்சியைத் தின்றன. இதற்கெல்லாம் யாரும் கூலி கேட்கவில்லை.

நான்காவது, பண்பாடு. ஏரியையே வெற்றித் தூணாக நினைத்த ஊர் இது. பக்கத்தில் இருக்கும் வீராணம் ஏரி முதலாம் பராந்தகன் காலத்தில் உருவானது. கல்கியின் பொன்னியின் செல்வன் ஆடிப்பெருக்கு நாளில் அந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. அரியலூர் மாவட்டத்துக் கண்டராதித்தத்தில் இருக்கும் ஏரிக்குச் செம்பியன் மாதேவிப் பேரேரி என்று பெயர். அரசனின் பெயர், அரசியின் பெயர், வெற்றியின் பெயர் என்று எதை நிலைக்க வைக்க நினைத்தாலும் அந்தக் குடும்பம் அதை ஓர் ஏரிக்கு வைத்தது.

வட்டியை மட்டும் செலவு செய்தவர்கள்

இயற்கை இலவசமாகக் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் பாதி உண்மைதான் ஆகும். கொடுப்பது தொடர வேண்டுமென்றால் பராமரிப்பு வேண்டும். எந்தச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு. ஏரிக்குத் தேய்மானம் என்பது தூர். ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து படுகையை உயர்த்தும். கரையில் எலி வளை போடும். மரத்தின் வேர் கரையைப் பிளக்கும். மதகு அடைத்துக்கொள்ளும். 60 மைல் வாய்க்காலில் எங்காவது ஓர் இடத்தில் மண் சரிந்தால் போதும், ஏரிக்குத் தண்ணீர் வராது.

சோழர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) குடவோலை முறை மட்டும் இல்லை, ஏரி வாரியம் என்ற குழுவும் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள். ஏரிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். அந்த நிலத்தின் வருமானம் ஏரிக்கே போகும். நாளைக்கு வரும் செலவுக்கு இன்றே பணம் எடுத்து வைப்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் என்ன பெயரோ, அதைத்தான் கல்வெட்டில் ஏரிப்பட்டி என்று வெட்டி வைத்தார்கள். முதலில் கை வைக்காமல் வட்டியில் வாழும் குடும்பம் மாதிரி.

ஊர் எப்படிக் காணாமல் போனது?

1279இல் சோழர் ஆட்சி முடிந்தது. நாடு பாண்டியர் கைக்குப் போனது. தலைநகர் என்ற தகுதி போனால் நகரம் இளைக்கும் என்பது இயல்பு. ஆனால் தலைநகர் தகுதி போன எல்லா ஊரும் காணாமல் போவதில்லை.

தஞ்சாவூரையே பாருங்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்ததாக அவனுடைய மெய்க்கீர்த்தியே சொல்கிறது. எரிந்த தஞ்சாவூர் மறுபடி எழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் அங்கே ஆண்டார்கள், 17ஆம் நூற்றாண்டில் மராத்தியர்கள் வந்தார்கள். இன்றும் அது மாநகரம். கங்கைகொண்ட சோழபுரம் மட்டும் எழவே இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அரசியல் காரணங்கள், வணிகப் பாதைகள் மாறியது என்று பல இருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்று உண்டு. தஞ்சாவூர் டெல்டாவுக்குள் இருந்தது. அரசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காவிரியின் கிளைகள் ஓடின, சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான கிராமங்கள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டன. கங்கைகொண்ட சோழபுரம் டெல்டாவின் விளிம்பில் இருந்தது. அதற்குத் தண்ணீர் வருவது நீண்ட ஒரு வாய்க்காலையும் நீண்ட ஒரு கரையையும் பொறுத்தது. அந்த அளவு வேலையைத் தனிக் கிராமம் ஒன்றால் செய்ய முடியாது. பெரிய அரசு ஒன்று வேண்டும். அரசு போனது, பராமரிப்பு போனது, ஏரி போனது. ஏரி போனபின் நகரம் திரும்பி வர வழியில்லை.

தெற்கிலிருந்து வந்த ஒரு படைதான் கரையை உடைத்தது என்று மக்கள் சொல்லி வந்ததையும் அந்த 1855ஆம் ஆண்டுக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. அப்போது ஏரிப் படுகை முழுவதும் அடர்ந்த காடு மண்டிக் கிடந்தது. படைதான் உடைத்ததா, பராமரிப்பு இல்லாமல் உடைந்ததா, எதுவானாலும் விளைவு ஒன்றுதான். உடைந்த கரையை அதன் பிறகு யாரும் முழுதாகக் கட்டவில்லை.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் இன்னொரு தலைநகருக்கும் இதே மாதிரி நடந்தது. கம்போடியாவின் அங்கோர். காம்போஜ மன்னன் ராஜேந்திரனுக்குத் தேர் பரிசாக அனுப்பிய செய்தி கரந்தைச் செப்பேடுகளில் இருக்கிறது. அங்கோரிலும் 11ஆம் நூற்றாண்டில் 8 கி.மீ. நீளமும் 2 கி.மீ. அகலமும் கொண்ட மேற்குப் பாராய் என்ற ஏரியை அமைத்தார்கள். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் திடீர்ப் பெருவெள்ளமும் மாறி மாறி வந்து அந்த ஊரின் வாய்க்கால்களைச் சிதைத்தன என்று மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அங்கேயும் கோயில் நிற்கிறது. ஊர் இல்லை.

கோயில் மதில் அணையான கதை

கதையில் ஒரு திருப்பம் இங்கேதான் வருகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். இடம், கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அணைக்கரை. அணைக்குக் கல் வேண்டும். பக்கத்தில் கருங்கல் மலை கிடையாது. ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பெரிய கோயிலும் அதன் கருங்கல் மதிலும் இருந்தன. மதில் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊர் மக்கள் தடுத்தார்கள், மன்றாடினார்கள், பலனில்லை. கல்லுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போனது என்று அதே 1855ஆம் ஆண்டுக் குறிப்பு வருத்தத்தோடு எழுதுகிறது.

கோபம் வரும் செய்திதான். ஆனால் அந்தக் கல் இன்று என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. அதாவது டெல்டாவின் விளிம்பில் 1,000 வருஷத்துக்கு முன் வெட்டிய ஏரி, 200 கி.மீ.க்கும் அப்பால் இருக்கும் ஒரு மாநகரத்தின் தாகத்தைத் தீர்க்கிறது. சோழகங்கம் கைவிடப்பட்டது, அதன் நகரம் அழிந்தது. வீராணம் காப்பாற்றப்பட்டது, தன் பெயரே தெரியாத ஊருக்கும் அது தண்ணீர் கொடுக்கிறது. ஏரிகளுக்கு இடையே இருந்த ஒரே வித்தியாசம் பராமரிப்புதான்.

மற்ற ஊர்கள் கற்ற பாடம்

டெல்டா நகரம் என்றால் இன்று உலகமே உதாரணம் காட்டுவது கொல்கத்தாவை. கிழக்குக் கொல்கத்தாவில் சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. நகரத்தின் கழிவுநீர் அங்கே மீன் குளங்களுக்குப் போகிறது. வெயிலும் பாசியும் கழிவைச் சுத்தம் செய்கின்றன, மீன் வளர்கிறது, அந்த மீனும் காய்கறியும் நகரத்துச் சந்தைக்கே திரும்பி வருகின்றன. துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் இதன் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொல்லாமல் இருந்திருந்தால் அங்கே இன்று அடுக்குமாடிகள்தான் இருக்கும். 2002இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பணக்கார நாடும் இதே கணக்குக்குத்தான் வந்தது. 1990களில் நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் வடிகட்டும் ஆலை கட்ட வேண்டிய நெருக்கடி வந்தது. செலவு பல நூறு கோடி டாலர். அதைவிடக் குறைந்த செலவில், தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலைக் காடுகளையும் ஓடைகளையும் காப்பாற்ற முடிவு செய்து 1997இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஆலை தேவைப்படவில்லை, காடே வடிகட்டியது. அதே 1997இல் பொருளாதார அறிஞர்கள் சிலர் உலகின் இயற்கை ஒரு வருஷத்துக்குச் செய்யும் சேவையை விலை போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 33 லட்சம் கோடி டாலர்! அன்றைய உலக நாடுகளின் மொத்த உற்பத்தியைவிட அதிகம். அந்தக் கணக்கில் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் எந்த நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலும் வராத ஒரு வரவு இவ்வளவு பெரியது என்பதை அது காட்டிவிட்டது.

இன்று என்ன நிலை?

நல்ல செய்தியிலிருந்து தொடங்கலாம். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு சுமார் 454 ஹெக்டேர். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்புகிறது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் இங்கே வருகின்றன. 2024 ஜனவரியில் இதற்கும் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பறவைக்கு மட்டும் இது வாழ்வு இல்லை. சுற்றியிருக்கும் கிராமங்கள் இதே தண்ணீரில் நெல்லும் கரும்பும் பயிரிடுகின்றன.

கொள்ளிடத்தின் கதை அவ்வளவு நன்றாக இல்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றில் அளவில்லாமல் மணல் அள்ளியதும் ஒரு காரணம் என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். மணல் வெறும் கட்டடப் பொருள் இல்லை. அரியலூரும் பெரம்பலூரும் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு கொள்ளிடத்து மணலுக்கு அடியிலிருந்துதான் வருகிறது. மணலை லாரியில் ஏற்றும்போது தண்ணீர்த் தொட்டியையே ஏற்றுகிறோம் என்று அர்த்தம்.

சோழகங்கம்? அதன் படுகையில் பெரும்பகுதி இப்போது ஏரியாக இல்லை. மிஞ்சிய பகுதி பொன்னேரியாகப் பாசனத்துக்கு உதவுகிறது. 2025 ஜூலையில் அந்த ஏரியைச் சீரமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. பழைய 16 மைல் கரை திரும்பி வராது. ஆனால் இருக்கும் ஏரியைத் தூர் எடுத்து, வரத்து வாய்க்காலைத் திறந்து, கரையைக் காப்பாற்றினால் சுற்றியிருக்கும் கிணறுகளுக்கு அது போதும். திறப்பு விழாவோடு நிற்காமல், ஏரிப்பட்டி மாதிரி ஒவ்வொரு வருஷமும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் தேய்மானம் தன் வேலையைச் செய்துவிடும்.

ராஜேந்திரன் இரண்டு பெரிய வேலைகளை இங்கே செய்தான். ஒன்று கோயில், இன்னொன்று ஏரி. கல்லால் கட்டியதை யாரும் பார்த்துக்கொள்ளாமலே 1,000 வருஷம் நின்றது. தண்ணீரால் கட்டியது தினமும் கவனிப்பைக் கேட்டது, கிடைக்காதபோது போய்விட்டது. கோயில் அவனுடைய புகழைக் காப்பாற்றியது. ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஏரிதான்.

அடுத்த முறை கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பொன்னேரிக் கரையிலும் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பிறகு அவரவர் ஊர் ஏரிக்கரைக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.